விடுமுறைக்கு நீங்கள் புறப்பட்டால் நாயும் பூனையும் எங்கே இருக்க வேண்டும்?

டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து, தங்கும் இடமும் பதிவுசெய்த பிறகுதான் பல வீடுகளில் அந்தக் கேள்வி எழுகிறது: நாயை எங்கே விடுவது? பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பிராணிகளுக்கான விடுதியில் விட்டால் ஏங்கிப்போகும் என்பார் ஒருவர். வீட்டிலேயே விட்டால் தனிமையில் தவிக்கும் என்பார் இன்னொருவர். கூடவே கூட்டிப் போகலாம் என்று குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். அக்கா வீட்டில் விடலாமே என்று முடிவாகும். அக்காவிடம் அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வாதங்கள் எல்லாமே பிராணி எங்கே மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைச் சுற்றியே நடக்கின்றன. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஒரு வாரம் ஏங்கிய நாய், நாம் திரும்பி வந்ததும் தேறிவிடும். முதலில் கேட்க வேண்டியது வேறு: ஏதாவது கோளாறு நேர்ந்தால், அது எத்தனை மணி நேரத்தில் யார் கண்ணில் படும்? கண்டவரால் உடனே என்ன செய்ய முடியும்?

## எதை வைத்து அளப்பது

நேரத்தை முதல் அளவுகோலாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் நேரும் ஆபத்துகள் பலவற்றுக்குக் கெடு உண்டு. கார் எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிக்கும் என்பதால் தரையில் சிந்தியதை நாய் நக்கும். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கித் துடைத்துக்கொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர் போதும், பூனை இறந்துவிடும். முறிமருந்து உண்டு, ஆனால் பூனைக்கு அதை மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பரிசாக வரும் பூங்கொத்தில் உள்ள லில்லியின் இலை, இதழ், மகரந்தம், அது நின்ற குவளைத் தண்ணீர் என அனைத்தும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகச் சுருங்கும்.

விஷம் மட்டுமல்ல. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகலாம். முயல் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் அதுவே அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. இந்தக் கெடுக்களை, நாளுக்கு ஒருமுறை வந்து கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பையனின் வருகையோடு பொருத்திப் பாருங்கள்.

இரண்டாவது அளவுகோல், அந்தப் பிராணியின் பற்று எதன் மேல் என்பது. பொதுவாகப் பூனைக்கு இடம் முக்கியம், நாய்க்கு ஆள் முக்கியம். விதிவிலக்குகள் இருக்கின்றன, உங்கள் பூனையை உங்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, தப்பியோடும் வாய்ப்பு: புது இடம், அடிக்கடி திறக்கும் கதவு, வெடிச்சத்தம் ஆகிய மூன்றும் சேரும் காலம் இது. நான்காவது மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டிய பூனைக்கும், எதுவும் தேவைப்படாத இளம் நாய்க்கும் ஒரே தீர்வு பொருந்தாது. பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். பணம் அற்பம் என்பதால் அல்ல. முதலில் சொல்லப்படும் கட்டணம் உண்மையான செலவாக இருப்பதே இல்லை என்பதால்.

## வீட்டிலேயே விட்டு, ஆள் வைப்பது

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒன்று, பராமரிப்பாளர் நாளுக்கு இத்தனை முறை வந்துபோவது. மற்றொன்று, இரவிலும் உங்கள் வீட்டிலேயே தங்குவது.

பூனைக்கு வந்துபோகும் ஏற்பாடு பொருந்தும். ஆனால் குறைந்தது நாளுக்கு இருமுறை. ஒருமுறை வருபவர் பூனையைப் பார்க்காமலே போய்விட முடியும். அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கிண்ணம் பாதி காலியாக இருக்கும். 'எல்லாம் நலம்' என்று செய்தி வரும். அந்தப் பாதியைத் தின்றது நேற்றா இன்றா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும், மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை என்று சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பூனை சோபாவில் அழகாகச் சுருண்டிருக்கும் படத்தைவிட மணல் தட்டின் படம் அதிகம் சொல்லும். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேளுங்கள்.

நாய்க்கு வந்துபோகும் ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை. இடையில் மூன்று நான்கு முறை வந்து வெளியே கூட்டிப் போனாலும், இரவு முழுவதும் அது தனியாகத்தான் இருக்கும். பெரிய இன, ஆழமான மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரமே அவகாசம். நாய்க்கு இந்த வழியைத் தேர்ந்தால், இரவில் தங்கும் ஆளே வேண்டும்.

வீட்டில் விடுவதன் பெரிய லாபம், பிராணிக்குப் பழகிய மணங்களும் மூலைகளும் அப்படியே இருப்பது. பெரிய நஷ்டம், அலங்காரங்களும் அப்படியே இருப்பது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் ஜிகினா இழையைப் பூனை விழுங்கினால், இழையின் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் அதன் மேல் சுருங்கிக் கிழிபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது என்பதைப் பராமரிப்பாளருக்கும் சொல்ல வேண்டும். அதைவிட எளிது, ஜிகினாவைக் கழற்றிவிட்டு, மரம் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டுப் புறப்படுவது. இந்தப் பருவத்துச் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவைக் கண்டு பலர் நடுங்குகிறார்கள். அது வாயெரிச்சலோ லேசான வாந்தியோ தரும், அவ்வளவுதான். பழியெல்லாம் அதற்கு, கொலை லில்லியினுடையது.

மறைவான செலவுகள்: பண்டிகை நாள்களுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பராமரிப்பாளருக்கே காய்ச்சல் வந்தால் யார் வருவார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். சாவியின் மறுபிரதி வேறொருவரிடம் இருக்க வேண்டும். நடுக்குளிரில் வெப்பமூட்டி நின்றுபோனால் யாரை அழைப்பது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

## விடுதி

விடுதியைப் பற்றி மக்களுக்கு இருக்கும் பயம் பாதி தேவையற்றது. ஒழுங்கான விடுதியில் பழகிய கண்கள் நாள் முழுவதும் பார்க்கின்றன. சாப்பிடாத நாய் அன்றைக்கே கவனத்துக்கு வருகிறது. தப்பியோடும் வாய்ப்பு வீட்டைவிடக் குறைவு. மருத்துவரோடு தொடர்பும் இருக்கும்.

ஆனால் கூடத்தையும் குளியலறையையும் சுற்றிக்காட்டும்போது அவர்கள் தாமாகச் சொல்லாத ஒன்று உண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அந்தக் கட்டடத்தில் மனிதர் இருக்கிறாரா? கேமரா இருக்கிறது என்பது பதில் அல்ல. பல இடங்களில் இரவில் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படியானால் புத்தாண்டு இரவில் நாற்பது நாய்கள் வெடிச்சத்தத்தில் ஒன்றையொன்று பயமுறுத்திக்கொள்ள, ஆறுதல் சொல்ல ஆளிருக்காது.

அடுத்தது இருமல். பல நாய்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் 'கென்னல் காஃப்' எனப்படும் தொற்றிருமல் எளிதில் பரவும். தொற்றியபின் அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாள்கள் வரை ஆகலாம் என்பதால், விடுதியில் வாங்கியதை வீட்டுக்கு வந்துதான் இருமும். மூக்கில் விடும் தடுப்பு மருந்து சில நாள்களில் பலன் தரத் தொடங்கும். ஊசியாகப் போடுவதென்றால் முதல்முறை இரண்டு தவணை, இடையில் சில வாரங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மருத்துவரிடம் ஓடிப் பயனில்லை. எந்தத் தடுப்பூசிச் சான்றையும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் விடுதியாக இருந்தால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர் மற்றவரிடமும் கேட்டிருக்க மாட்டார்.

பூனைக்கு விடுதி என்றால் நாய்களின் பார்வையும் குரலும் எட்டாத தனிப் பகுதி, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, ஏறி உட்கார ஒரு தட்டு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஒளிய இடமில்லாத பூனை சாப்பிடாது.

மறைவான செலவுகள்: பண்டிகைக் காலத்தில் குறைந்தபட்சம் இத்தனை இரவு என்ற நிபந்தனை, மாத்திரை கொடுக்கத் தனிக் கட்டணம், பிற்பகலில் வந்து அழைத்துச் சென்றால் இன்னொரு நாள் வாடகை. திரும்பியபின் இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு வருவதும் வழக்கம். மன அழுத்தமும் உணவு மாற்றமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வீட்டில் தின்னும் உணவையே அளந்து கொடுத்தனுப்பினால் பாதி குறையும்.

பிற நாய்களோடு பழகிய, ஏற்கெனவே ஓரிரவாவது விடுதியில் தங்கிய நாய்க்கு இது நல்ல வழி. முதல் அனுபவமே பத்து நாள் என்றால் வேண்டாம். நவம்பரிலேயே ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் அழைத்துவரும்போது அது உங்களைப் பார்த்துத் துள்ளுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லா நாயும் துள்ளும். இரவு உணவைத் தின்றதா என்று கேளுங்கள்.

## உறவினர் வீடு, நண்பர் வீடு

மனத்துக்கு மிகவும் இதமான வழி இதுதான். என் அளவுகோலில் மிக அதிகம் வேறுபடும் வழியும் இதுதான். நாயை அறிந்த, விருந்தினர் வராத, பகலில் ஆளிருக்கும் வீடாக இருந்தால் இதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் விடுமுறைக் காலத்தில் அப்படிப்பட்ட வீடு எத்தனை? அவர்கள் வீட்டிலும் விடுமுறைதானே.

விருந்து நடக்கும் வீட்டில் மேசை உயரத்தில் என்னென்ன இருக்கும் என்று பாருங்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் சென்றாலே வாந்தி, படபடப்பு தொடங்கும்; 60 மில்லிகிராமில் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்கிறது. சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட்டில் அதைப்போல் ஏழு மடங்கு. பத்துக் கிலோ நாய்க்கு அறிகுறி தொடங்க நூறு கிராம் பால் சாக்லேட் வேண்டும். சமையல் சாக்லேட் என்றால் ஒரு சிறு துண்டு, பதினைந்து கிராமே போதும். பழக் கேக்கில் உள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும், அதில் எந்த அளவு பாதுகாப்பானது என்று சொல்லவே முடியாது. சர்க்கரை இல்லாத இனிப்பிலும் சூயிங் கம்மிலும் சேர்க்கும் சைலிட்டால், கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்தில் சரித்துவிடலாம். வெங்காயம், பூண்டு சேர்த்த குழம்பு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். சமைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பு மிகுந்த இறைச்சித் துண்டுகள் கணைய அழற்சிக்கு வழிவகுக்கும்.

இதில் எதையும் கெட்ட எண்ணத்தோடு யாரும் கொடுப்பதில்லை. 'பாவம், பார்த்துக்கொண்டே இருக்கிறதே' என்று ஒரு பெரியவர் மேசைக்கடியில் கையை நீட்டுவார். அன்பின் பெயரால் நடக்கும் விஷம் ஆகையால் தடுப்பதும் கடினம். அவர்கள் வீட்டில் அவர்களுக்கே விதி சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று வாசல் கதவு. வருவோரும் போவோருமாகத் திறந்து மூடும் கதவு வழியாக, தன் வீடல்லாத இடத்திலிருந்து ஓடிய நாய்க்குத் திரும்பி வரும் வழி தெரியாது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 53 காப்பகங்களுக்கு வந்துசேர்ந்த, தோலுக்கடியில் மைக்ரோசிப் (உரிமையாளரை அறிய உதவும் அடையாளச் சில்லு) பொருத்திய நாய்களில் பாதிக்குச் சற்று மேல் உரிமையாளரிடம் திரும்பின. பூனைகளில் அது நூற்றுக்கு 38 அளவில் இருந்தது. சிப் உள்ளது, இல்லாதது என எல்லாத் தெருப்பூனைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதற்காரணம், பதிவிலிருந்த தொலைபேசி எண் தவறாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்ததுதான். எண் மாறியிருந்தால் இன்றே திருத்துங்கள். பயண நாள்களுக்குக் கழுத்துப்பட்டையில் உறவினரின் எண்ணையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள்.

மறைவான செலவு பணமாக வராது. சோபா கிழிந்தால், அவர்கள் பூனைக்கும் உங்கள் நாய்க்கும் ஒத்துப்போகாவிட்டால், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் குறை சொல்ல முடியாது. கட்டணம் கொடுத்த இடத்தில் 'ஏன் நேற்றே சொல்லவில்லை' என்று கேட்கலாம். இங்கே கேட்க வாய் வராது.

## உடன் அழைத்துச் செல்வது

முதல் அளவுகோலில் இதற்கே முழு மதிப்பெண். உங்கள் கண்ணைவிட உங்கள் நாயை அறிந்த கண் வேறில்லை. ஆனால் அந்தக் கண் விடுமுறையில் இருக்கிறது. பகல் முழுவதும் ஊர் சுற்றத் திட்டமிட்டு, அறிமுகமில்லாத ஹோட்டல் அறையில் நாயைப் பூட்டிவைப்பதென்றால், மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட இது மோசம்.

காரில் என்றால் நாய்க்கு மார்புப்பட்டையோடு பூட்டும் பெல்ட்டோ உறுதியான கூண்டோ வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது ஏற்பாடு அல்ல. பூனையின் கூண்டுப் பெட்டிக்கு முன் இருக்கையின் பின்புறத் தரைதான் நல்ல இடம். அந்தப் பெட்டியைப் பல வாரம் முன்பே திறந்துவைத்து, அதற்குள் சோறு வைத்துப் பழக்க வேண்டும். புறப்படும் அன்று மட்டும் பரணிலிருந்து இறங்கும் பெட்டி பூனைக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து வயிறு முட்ட உணவு வேண்டாம். பயணத்தில் வாந்தியெடுக்கும் நாய்களுக்கும், பயணம் என்றாலே நடுங்கும் பூனைகளுக்கும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு, புறப்படும் நாளுக்கு முன்பே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

குளிரில் நிறுத்திய கார் குளிர்பெட்டியாகிவிடும். கோடையில் காரில் நாயை விடக்கூடாது என்று அறிந்தவர்களே குளிர்காலத்தில் தயங்காமல் விட்டுப் போகிறார்கள். சாலையில் பனி உருகத் தூவிய உப்பு பாதத்தைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வெந்நீர்த் துணியால் பாதங்களைத் துடைப்பது பயணத்தின் வேலைகளில் ஒன்றாகச் சேரும். குறுமுடி நாய், குட்டி, கிழநாய் மூன்றுக்கும் மேற்சட்டை அலங்காரம் அல்ல, தேவை.

விமானம் என்றால் என் பதில் சுருக்கமானது: ஊர் மாறிப் போகிறீர்கள் என்றால் சரி, ஒரு வார விடுமுறைக்கு வேண்டாம். சப்பை மூக்கு நாய்களையும் பூனைகளையும் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. மூச்சு விடுவதே அவற்றுக்குச் சிரமம். தூக்க மருந்து கொடுத்து அனுப்புவதை மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை. ரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் அது குலைக்கும். எல்லை தாண்டுவதென்றால் நாள் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நுழைய முதலில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி, அதன்பின் குறைந்தது 21 நாள் காத்திருப்பு; ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து என்றால் ரத்தப் பரிசோதனையும் அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பும் சேரும். ரேபிஸ் உள்ள நாடுகளிலிருந்து ஜப்பானுக்குப் போவதென்றால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு 180 நாள். டிசம்பரில் யோசிக்கத் தொடங்கியவருக்கு இந்த வழி ஏற்கெனவே மூடிவிட்டது.

## பயணமே வேண்டாம் என்றால்

தீரா நோயுள்ள, மிகவும் வயதான, அல்லது கடந்த மாதம்தான் வீட்டுக்கு வந்த பிராணிக்கு இதுவே சரி. குடும்பத்தில் ஒருவர் தங்கி மற்றவர் போவதும் ஒரு வழிதான். ஏனோ அதை யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. ஆனால் விருந்தினரை வீட்டுக்கு அழைத்துவிட்டால் உறவினர் வீட்டுப் பட்டியலில் உள்ள எல்லாமே உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். விருந்தினர் வரும் நேரத்தில் பிராணிக்கு ஒரு பூட்டிய அறை, தண்ணீர், படுக்கை. விருந்தினரின் கைப்பையும் மேசைமேல் இருக்கட்டும். மாத்திரையும் சூயிங் கம்மும் அதில்தான் இருக்கும்.

## புத்தாண்டு இரவைத் தனியாகக் கணக்கிடுங்கள்

மற்ற நாள்களுக்கு எந்த வழியைத் தேர்ந்தாலும், வாண வேடிக்கை நடக்கும் இரவுக்கு வேறு திட்டம் தேவைப்படலாம். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் எல்லை என்றால் நாய்க்கு அது ஏறத்தாழ 45,000. பூனைக்கு இன்னும் மேலே. அன்றிரவு தாழிட்ட கதவு, இழுத்துவிட்ட திரை, பழகிய ஒரு மனிதர் ஆகிய மூன்றும் இருக்கும் இடமே நல்ல இடம். இருட்டுவதற்கு முன்பே கயிற்றோடு நடத்திவந்துவிட வேண்டும்.

சத்தத்துக்கு மிகவும் அஞ்சும் நாய்க்கு மருந்து கொடுப்பதில் தவறில்லை. ஈறில் தடவும் டெக்ஸ்மெடெட்டோமிடின் ஜெல், 2015 இல் ஐரோப்பாவிலும் பிறகு அமெரிக்காவிலும் இதற்கென்றே அனுமதி பெற்றது. பழைய வழக்கமான அசிப்ரோமசின் மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது வேண்டாம். அது உடலைக் கட்டிப்போடுகிறது, பயத்தை அப்படியே விட்டுவிடுகிறது. பார்ப்பவருக்கு நாய் அமைதியாகத் தெரியும், உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். எந்த மருந்தானாலும் முதல் வேளையை அன்றைய இரவில் கொடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கோளாறு கண்ணில் பட ஆகும் நேரம் | மறைவான செலவு | யாருக்குச் சிறந்தது | யாருக்கு ஆகாது |
|---|---|---|---|---|
| வந்துபோகும் பராமரிப்பாளர் | இருமுறை வந்தால் சுமார் 12 மணி. ஒருமுறை என்றால் 24 | மாற்று ஆள், மறுசாவி, பண்டிகைக் கட்டணம் | உடல்நலமுள்ள பூனை | நாய். சிறுநீர் அடைப்பு முன்பு வந்த ஆண் பூனை |
| இரவு தங்கும் பராமரிப்பாளர் | சில மணி நேரம் | எல்லா வழியிலும் கட்டணம் அதிகமாக இருக்கலாம் | மருந்து தேவைப்படுபவை, வயதானவை, இரண்டு மூன்று பிராணிகள் உள்ள வீடு | அந்நியரை வீட்டுக்குள் விடாத நாய் |
| விடுதி | பகலில் சில மணி; இரவில் ஆளில்லையெனில் மறுநாள் காலை | தடுப்பூசி, குறைந்தபட்ச இரவுகள், திரும்பியபின் இருமல், வயிற்றுப்போக்கு | பழகிய, கலகலப்பான நாய் | பயந்த பூனை, முதல்முறையாகத் தங்கும் நாய் |
| உறவினர் வீடு | வீட்டைப் பொறுத்து: உடனே, அல்லது கூட்டத்தில் கவனிக்கப்படாமலே | நட்பு, நன்றிக்கடன், கதவு | அந்த வீட்டை முன்பே அறிந்த நாய் | விருந்து நடக்கும் வீட்டில் எந்தப் பிராணியும் |
| காரில் உடன் | உடனே | தங்குமிடக் கூடுதல் கட்டணம், சுருங்கும் விடுமுறைத் திட்டம் | பயணம் பிடித்த நாய் | பெரும்பாலான பூனைகள் |
| விமானத்தில் உடன் | சரக்குப் பகுதியில் என்றால் இறங்கும்வரை தெரியாது | சான்றுகள், காத்திருப்பு நாள்கள் | நிரந்தரமாக ஊர் மாறுபவர் | சப்பை மூக்கு இனங்கள், குறுகிய விடுமுறை |

கட்டங்களைப் படித்தும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் என் சாய்வைச் சொல்கிறேன். பூனையை வீட்டில் விடுங்கள், இருமுறை ஆள் வரட்டும். நாய்க்குக் கார்ப் பயணம் பிடிக்கும், போகும் இடத்தில் உங்களோடு பெரும்பாலான நேரம் இருக்க முடியும் என்றால் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் இரவில் ஆள் தங்கும் விடுதி. உறவினர் வீட்டை மூன்றாவதாகவே வைப்பேன், உறவினர்கள் கோபித்துக்கொண்டாலும்.

## முயல், பறவை, மீன்

இவற்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் புறப்படுகிறவர்கள் அதிகம். முயலுக்குப் பூனையைவிட நெருக்கமான கண்காணிப்பு வேண்டும். இரவு தங்கும் ஆள், அல்லது முயல்களை அறிந்த வீடு. பறவையைச் சமையலறைக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை நிமிடங்களில் கொல்லும். வாசனை மெழுகுவத்தியும் அதற்கு ஆகாது. ஹாம்ஸ்டர் எனப்படும் வெள்ளெலி கடுங்குளிரில் உறக்கநிலைக்குப் போய், செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும். மெதுவாகச் சூடுபடுத்தி மருத்துவரிடம் காட்டும் முன் புதைத்துவிடக் கூடாது என்பதை எழுதியே வையுங்கள்.

மீனுக்கு ஆபத்து பட்டினியில் இல்லை. வளர்ந்த, நலமான மீன் சில நாள்கள் தின்னாமலும் இருக்கும். அன்புள்ள பக்கத்து வீட்டுக்காரர் அள்ளிக் கொட்டிய தீவனம் அழுகித் தண்ணீரைக் கெடுப்பதுதான் கொல்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துவைத்து, டப்பாவை ஒளித்துவிடுங்கள்.

## யாரிடம் விட்டாலும் கொடுக்க வேண்டிய தாள்

ஒரே பக்கம் போதும். மருந்தின் பெயர், அளவு, வேளை. வழக்கமாக எவ்வளவு தின்னும், எத்தனை முறை சிறுநீர் கழிக்கும். வழக்கம் தெரியாதவருக்கு மாற்றமும் தெரியாது. எந்த அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்: தட்டில் முக்கி முக்கிச் சிறுநீர் வராத பூனை, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டும் நாய், ஒரு நாள் முழுக்கத் தின்னாத பூனை, அரை நாள் தின்னாத முயல். வழக்கமான மருத்துவமனை விடுமுறையில் மூடியிருக்கும் நாள்கள் எவை, அன்று திறந்திருக்கும் அவசர மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும்.

கடைசி வரி உங்கள் கையெழுத்தோடு: உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால் இந்தத் தொகை வரை சிகிச்சை அளிக்கச் சம்மதம், செலவை நீங்களே ஏற்பீர்கள். அதன் நகலை மருத்துவமனையிலும் கொடுத்துவையுங்கள். நீங்கள் விமானத்தில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் பராமரிப்பாளர் வரவேற்பறையில் உட்கார்ந்து உங்கள் எண்ணையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.